கவிழ்ந்து கிடந்தவள்

குச்சியின் நுனியில் பஞ்சு இல்லை.

ஒட்டுக்காரி அதை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இப்போதுதான் அவள் கையால் சுற்றிய பஞ்சு. ஈரம் தொட்டு, கல்லில் செதுக்கியிருந்த அந்த வாய்க்குள் விட்டு, பல்லிடுக்கில் ஒட்டியிருந்த மண்ணை மெல்லத் துடைத்து வெளியே எடுத்தாள். வெறும் குச்சி வந்தது. நழுவி உள்ளே விழுந்திருக்கும் என்று குனிந்தாள். விழுவதற்கு உள்ளே என்று ஒன்று இருந்தால்தானே? விரல்நகம் அளவு ஆழம்கூட இல்லாத செதுக்கல் அது. உதடு, பல், பல்லுக்குப் பின்னால் கல். இடுக்கியால் தடவினாள். கல்தான். மரக்கட்டைகளுக்கு இடையில், தன் மடியில், செருப்புக்கு அடியில் எல்லாம் தேடினாள். பஞ்சு எங்கேயும் இல்லை.

குச்சியின் நுனி நசுங்கி, ஈரமாக இருந்தது. அவள் தொட்ட ஈரம் ஸ்பிரிட். இது வழவழப்பாக இருந்தது.

அந்த அருங்காட்சியகத்தில் அவளுடைய சொந்தப் பெயர் சம்பளம் வாங்கும்போது மட்டும்தான் வெளியே வரும். மூக்கு போன ராஜாவோ, கழுத்து உடைந்த ஜாடியோ, எது வந்தாலும் ஒட்டித் தந்துவிடுவாள் என்பதால் ஒட்டுக்காரி. அவளுடைய பட்டறை கீழ்த்தளத்தில் இருந்தது. ஜன்னல் கிடையாது. வெளியே வெயிலா மழையா என்பது மேலேயிருந்து இறங்கி வருகிறவர்களின் சட்டையைப் பார்த்தால்தான் தெரியும். ஸ்பிரிட், ரெசின், கல்தூசி ஆகிய இந்த மூன்று வாசனைகளில்தான் அவள் வருஷக்கணக்காகக் குடித்தனம் நடத்தினாள். இந்தக் கல் வந்த நாளிலிருந்து நாலாவதாக ஒன்று சேர்ந்திருந்தது. வறண்டு கிடந்த நிலத்தில் முதல் மழை விழுந்தால் எழுமே, அந்த வாசனை. முதலில் அது அவளுக்குப் பிடித்திருந்தது. இப்போது அந்த மண்வாசனைக்கு அடியில் இன்னொன்று இருப்பது தெரிந்தது. வெட்டுப்பட்ட விரலைச் சப்பும்போது நாக்கில் படுகிற இரும்பு வாசனை.

மேல்தளத்தில் 'அன்னையர்' என்றொரு கண்காட்சி மறுநாள் திறக்க இருந்தது. பல தேசத்துத் தெய்வங்கள், எல்லாம் பெண்கள். நாக்கை நீட்டிய காளி, தன் தலையைத் தானே அறுத்துக் கையில் ஏந்தியவள், மடி நிறையப் பிள்ளைகளோடு புத்த மடாலயத்திலிருந்து வந்த ஹாரீதி என்று எல்லாரும் அவரவர் பீடத்தில் ஏறிவிட்டார்கள். பாக்கி இவள் ஒருத்திதான். கடலுக்கு அந்தப் பக்கத்து அஸ்டெக் மக்களின் பூமித்தாய். பெயரைச் சொல்லப் போனால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும் என்பதால், கல்லை இறக்கிய ஆட்கள் வந்த அன்றே 'கவுந்தவ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவள் குப்புறக் கவிழ்ந்த நிலையில்தான் வந்தாள். ஒரு கதவு அளவு கல். முதுகுப் பக்கம் ஒன்றுமே இல்லாத மொட்டைக் கல். வயிற்றுக்குக் குறுக்கே விரிசல் விட்டு இரண்டு துண்டாகியிருந்தாள். ஒட்டுவதற்காகத்தான் மல்லாத்திப் போட்டார்கள். காலை அகட்டிக் குந்தி, நகம் வளர்ந்த கைகளை உயர்த்தி, கிழித்த பழம் மாதிரி வாயைப் பிளந்துகொண்டிருந்தாள் அவள். முகத்தில் இருப்பது போதாதென்று இரண்டு முழங்கையிலும் இரண்டு முழங்காலிலும் ஆளுக்கொரு வாய். அத்தனையிலும் பல்.

படிக்கட்டில் கனத்த செருப்புச் சத்தம் கேட்டது. அவள் புருஷன். பளு தூக்குகிற ஆட்களுக்கு மேஸ்திரி. பத்து ஆள் தூக்குவதைச் சங்கிலியும் கப்பியும் வைத்து ஒற்றை ஆளாக இறக்குவான். பத்து ஆள் பேசுவதையும் ஒற்றை ஆளாகப் பேசுவான்.

"என்ன ஒட்டு, உன் சக்களத்தி இன்னைக்காவது வாயைத் திறந்து பேசினாளா?"

"வாய்க்கா பஞ்சம்? அஞ்சு இருக்கு."

"உனக்கு ஒண்ணுதான். அதையும் திறக்கறதில்லை. எனக்குன்னு வாய்ச்சதைப் பாரு." சாப்பாட்டுப் பையை மேசையில் வைத்துவிட்டுக் கல்லின் பக்கத்தில் குந்தினான். முழங்கால் வாயின் பல்வரிசையை, மாட்டுக்கு வயசு பார்க்கிறவன் மாதிரி, விரலால் தடவினான்.

"அதுல கை வைக்காதீங்க."

"ஏன், கடிச்சிருமா?" என்று சிரித்தவன் "ஸ்ஸ்" என்று விரலை இழுத்துக்கொண்டான். நுனியில் மெல்லிய கீறல். ஒரு சொட்டு திரண்டு கல்லில் விழுந்தது.

அவன் விரலை வாயில் வைத்துக்கொண்டு கைகழுவப் போய்விட்டான். அவள் கல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கல்லில் விழுந்த ரத்தம் பரவும், ஓரம் கறுக்கும், துடைத்தால் கறை நிற்கும். இது பரவவில்லை. காய்ந்த நிலம் முதல் துளியைக் குடிப்பதுபோல, நடுவிலிருந்து சுருங்கி உள்ளே போயிற்று. அந்த இடம் மற்ற இடத்தைவிடச் சுத்தமாக இருந்தது.

அவனிடம் சொல்லவில்லை. சொன்னால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக் கேலி செய்வான்.

சாப்பிட்டு முடித்த நேரத்தில் காப்பாட்சியர் இறங்கி வந்தார். நரைத்த முடியைக் குட்டையாக வெட்டிய, பேச்சில் பதறாத பெண்மணி. தெய்வங்களைப் பற்றிப் பேசும்போது தூரத்துச் சொந்தக்காரிகளைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார்.

"இன்னைக்கு ஒட்டிடலாமா?"

"ஒட்டிடலாம் மேடம். பசை ராத்திரி முழுக்க இறுகணும். காலையில கவுத்துடலாம்."

கவிழ்ப்பதற்கான மணல் படுக்கை கல்லின் கால்மாட்டில் தயாராக இருந்தது. கண்காட்சியிலும் அப்படியே மணலில் குப்புறத்தான் கிடத்த வேண்டும் என்று காப்பாட்சியர் ஒற்றைக் காலில் நின்றார். "டிக்கெட் எடுத்து வர்றவங்க முதுகையா பார்க்கணும்?" என்று மேலிடத்தில் எவ்வளவோ கேட்டுப் பார்த்துவிட்டார்கள்.

"ஏன் மேடம் கவுத்தே வைக்கணும்?" என்று ஒட்டுக்காரி கேட்டாள். இத்தனை நாள் கேட்கத் தோன்றவில்லை.

காப்பாட்சியர் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஆதியில மண்ணே கிடையாதாம்மா. எங்கே பார்த்தாலும் தண்ணி. அதுமேல இவ நடந்துக்கிட்டிருந்தா. மூட்டுக்கு மூட்டு வாய். அத்தனையும் எதையாவது கடிச்சுக்கிட்டே இருக்கும். ரெண்டு தெய்வம் பார்த்துச்சு, இவளை வெச்சே உலகத்தைச் செஞ்சுடலாம்னு. பெரிய பாம்பா மாறி, ஒருத்தன் வலது கையையும் இடது காலையும், இன்னொருத்தன் இடது கையையும் வலது காலையும் பிடிச்சு முறுக்கினாங்க. ரெண்டா கிழிஞ்சா. ஒரு பாதி வானம். ஒரு பாதி பூமி."

மேஸ்திரி கப்பிக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, "கூறு போட்டுட்டானுங்க" என்றான்.

"மத்த தெய்வங்களுக்கு மனசு கேக்கலை. அவ முடியில மரம் முளைக்கட்டும், கண்ணுல ஊத்து பொங்கட்டும்னு ஈடு குடுத்தாங்க. உலகம் திங்கிறது பூரா அவ உடம்பைத்தான். ஆனா இருட்டினா அழுவாளாம். மனுஷ நெஞ்சைக் குடுத்தாத்தான் நிறுத்துவா. ரத்தம் படாத இடத்துல ஒண்ணும் விளைய விடமாட்டா."

"தாய்னு சொல்றீங்க?"

"மேல இருக்கிறவங்க மட்டும் என்ன? ஹாரீதி ஊர்ப் பிள்ளைங்களை எல்லாம் தின்னவதான். அவ செல்லப் பிள்ளையைப் புத்தர் பாத்திரத்துக்குள்ள ஒளிச்சு வெச்சப்புறம்தான் பெத்த வயித்து வலி புரிஞ்சுது. குடுக்கிறவளுக்கும் பசிக்கும்ல? எல்லாத் தேசத்துத் தாயும் பாதி பால், பாதி பல்."

"இவளுக்கு யார் புரியவெச்சாங்க?"

"யாரும் இல்லை. மண்ணைப் பார்த்துக் குப்புறப் போட்டுட்டாங்க. மண்ணும் அவதானே. தன்னைத் தானே கடிச்சுக்கிட்டுக் கிடக்கட்டும்னு." காப்பாட்சியர் எழுந்து ஸ்டூலைத் திருப்பி வைத்தார். "இதெல்லாம் கதைம்மா. நீ உன் வேலையைப் பாரு. நல்லா ஒட்டு."

அவர் போன பிறகு ஒட்டுக்காரி வேலையில் இறங்கினாள். வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குப் பயம் பக்கத்தில் வராது. இரண்டு துண்டிலும் துளை போட்டு எஃகுக் கம்பி சொருகியாயிற்று. ரெசினைக் கலந்தாள். உடைந்த பரப்புகளில் பூசினாள். மேஸ்திரி சங்கிலியை இழுக்க, கீழ்த்துண்டு உருளைகளின்மேல் முனகிக்கொண்டு வந்தது. கல்லும் கல்லும் சேரும்போது பெட்டி மூடுகிற மாதிரி ஒரு மந்தமான சத்தம் வரும். ஆயிரம் தடவை கேட்டிருக்கிறாள். இது அப்படி வரவில்லை. நெடுநேரம் தண்ணீருக்குள் மூச்சடக்கி இருந்தவள் தலையை வெளியே நீட்டி இழுக்கிற மூச்சு மாதிரி இருந்தது. விளக்கு ஒரு கணம் மங்கித் தெளிந்தது.

"காத்து மாட்டியிருக்கும்" என்றான் அவன். அவன் அதைச் சிரிக்காமல் சொன்னதை அவள் கவனித்தாள்.

மேலே ஒரு பீடத்தை நகர்த்த வேண்டும் என்று ஆள் வந்து கூப்பிட, அவன் போனான். அவள் தனியாக இருந்தாள்.

இணைப்பில் பிதுங்கி வழிகிற பசையை, இறுகுவதற்குள் துடைத்துவிட வேண்டும். துணியோடு குனிந்தாள். பசை வழியவில்லை. கம்மியாகப் பூசிவிட்டேனா என்று விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். வயிற்றுக்குக் குறுக்கே போன விரிசலைத் தேடினாள். அவளுக்குத் தெரியாத விரிசலா அது? எத்தனையோ நாள் அதன் ஒவ்வொரு வளைவிலும் தூரிகை ஓட்டியிருக்கிறாள். இடது விலாவில் ஆரம்பித்து, தொப்புளுக்கு மேல் ஏறி, இடுப்பில் இறங்கும். நகத்தால் சுரண்டிக்கொண்டே போனாள். நகம் எங்கேயும் தட்டவில்லை. மறுபடி போனாள். இல்லை. கண்ணை மூடிக்கொண்டு விரலை மட்டும் நம்பித் தடவினாள். வழவழவென்று ஒரே கல். ஒருநாளும் உடையாத கல்.

அவள் ஒட்டின ஒட்டு எதுவும் இப்படிக் கூடினதில்லை. யார் ஒட்டினாலும் இப்படிக் கூடி வராது.

அப்போதுதான் அந்தச் சத்தம். முதலில் சுவருக்குள் ஓடும் குழாயில் தண்ணீர் போகிறது என்று நினைத்தாள். குழாயில் தண்ணீர் ஒரு பக்கமிருந்து இன்னொரு பக்கம் போகும். இது எங்கும் போகவில்லை. தரைக்கு அடியில், அவள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே, யாரோ வாயைப் பொத்திக்கொண்டு அழுவதுபோல, விட்டு விட்டு, ஏங்கி ஏங்கி வந்தது. பிள்ளைக்குப் பால் கொடுக்க வேண்டிய நேரம் கடந்து மார்பு கட்டிக்கொண்டவள் அப்படித்தான் முனகுவாள். தரையில் ஊன்றியிருந்த உள்ளங்கை வழியாக அது எலும்புக்குள் ஏறியது. இரும்பு வாசனை தொண்டையில் இறங்கியது.

கையை எடுத்தாள். எடுக்கும்போது கண் முழங்கால் வாயில் பட்டது.

கீற்றாக இருந்த வாய் இப்போது கைமுஷ்டி நுழைகிற அளவுக்குத் திறந்திருந்தது. டார்ச்சை எடுத்து அடித்தாள். அடித்திருக்க வேண்டாம். பல்லுக்குப் பின்னால் கல் இல்லை. வெளிச்சம் போய்க்கொண்டே இருந்தது. கல்லின் கனத்தைத் தாண்டி, கல் கிடந்த மரக்கட்டையைத் தாண்டி, தரையையும் தாண்டி. ஈரமான, சிவந்த, வளையம் வளையமான ஒரு தொண்டை. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது ஒரு தடவை சுருங்கி விரிந்தது.

எச்சில் விழுங்கிற்று.

அவள் சுவர்வரைக்கும் பின்னால் போனது அவளுக்கே தெரியவில்லை. முதுகு சுவரில் முட்டியபோதுதான் தெரிந்தது. போனில் அவனைக் கூப்பிட்டாள். "உடனே வாங்க" என்பதைத் தவிர வேறெதுவும் வாயில் வரவில்லை.

அவன் ஓடி வந்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் கேலியை விட்டுவிட்டான்.

"இவளை இப்பவே கவுத்துடணும்."

"பசை காயலையே?"

"காய்ஞ்சிருச்சு. பாருங்க. ஒட்டின இடத்தையே காணோம்."

அவன் குனிந்து பார்த்தான். வாய் கீற்றாகத்தான் இருந்தது. விரிசல் இருந்த இடத்தைத் தடவினான். நெற்றியில் ஒரு சுருக்கம் விழுந்தது. "பசங்க மேல பீடத்துல இருக்கானுங்க. முடிச்சுட்டு வரட்டும், நாலு பேரா—"

"நாம ரெண்டு பேரே போதும். சங்கிலியை நான் இழுக்கறேன்."

பிற்பாடு அவள் நினைத்து நினைத்து நெஞ்சில் அடித்துக்கொள்ள வேண்டிய வார்த்தை அதுதான். அப்போது அதை இன்னொரு தடவையும் சொன்னாள். "தயவுசெஞ்சு."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் அவனிடம் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. அவன் மறு பேச்சு பேசாமல் பெல்ட்டை எடுத்துத் தலைமாட்டில் சுற்றி, கொக்கியை மாட்டினான். கல்லின் கால்மாட்டு ஓரம் மரக்கட்டையில் ஊன்றியிருக்கும்; தலைமாடு மேலே எழும்; செங்குத்தாக நின்றதும் மெதுவாக அந்தப் பக்கம் மணலில் முகம்பட இறக்க வேண்டும். இதைவிடப் பெரிய கல்லை எல்லாம் அவன் பாட்டுப் பாடிக்கொண்டே இறக்கியிருக்கிறான்.

அவள் இழுத்தாள். சங்கிலி கடகடவென்றது. கல் எழுந்தது. உயர்ந்த கைகள், பிளந்த வாய், அகட்டிய கால்கள் எல்லாம், தூக்கத்திலிருந்து எழுந்து உட்காருகிறவள் மாதிரி, மணல் பக்கம் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தன. செங்குத்தாக நின்றபோது கவுந்தவ ஒட்டுக்காரியைவிட உயரமாக இருந்தாள்.

கட்டை நழுவியது. கொஞ்சம்தான். கீழ் ஓரம் ஒரு பக்கமாகச் சரிந்தது.

"இரு, ஆப்பு வெச்சுடறேன்" என்று அவன் மணலுக்குள் இறங்கினான்.

"முன்னாடி போகாதீங்க. பக்கத்துலேர்ந்து வைங்க."

"எட்டாது. ரெண்டு நிமிஷம்." குந்தி, சுத்தியலால் ஆப்பைத் தட்டினான். வலது தோள் கல்லின் முழங்காலை உரசியது. எழும்போது தாங்கலுக்கு அதன்மேல் கையை ஊன்றினான்.

"ஏய்" என்றான். "கை மாட்டிக்கிச்சு."

அவள் கல்லின் பக்கவாட்டில் நின்றாள். அவன் கை மணிக்கட்டுவரை முழங்கால் வாய்க்குள் இருந்தது. அவன் இழுத்தான். வரவில்லை. அவளைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தான்.

ஈரக் கட்டையை மிதித்து ஒடிக்கிற சத்தம்.

அவன் உடனே கத்தவில்லை. வாய் மட்டும் திறந்தது. கை முழங்கைவரை உள்ளே போனது. பிறகுதான் கத்தினான். அவள் கேட்டறியாத குரல். மறுகையால் கல்லைத் தள்ளினான். தள்ளிய கை இன்னொரு முழங்கால் வாய்க்குள் போயிற்று. பல் மூடியது. ரத்தம் தெறித்தது. மணலில் விழவில்லை. கல்லில் விழுந்தது, கல் குடித்தது. தெறிக்கத் தெறிக்கக் குடித்தது.

அவள் உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு பாய்ந்தாள். இத்தனை வருஷமாக ஒட்டிய கை, ஓங்கி அடித்தது. ஒரு பல் பெயர்ந்தது. பெயர்ந்த இடத்தில் சிவப்பாகச் சதை. இன்னொரு அடி. உதடு தெறித்தது. கல் முழுக்க ஒரு நடுக்கம் ஓடியது. வலியில்லை. வெறி. இரண்டு முழங்கால்களும் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. அவன் மார்பில் ஏதோ கிழிகிற சத்தம், கெட்டித் துணியைக் கிழிப்பது மாதிரி. மேலேயிருந்து கல் கைகள் இறங்கிக்கொண்டிருந்தன. கல் கைகள். நகங்கள் அவன் முதுகில் ஊன்றி, அணைத்து, முகத்தோடு சேர்த்தன. பெரிய வாய் அவன் தோளில் பதிந்தது.

"மண்ணைப் பார்த்து!" என்று படிக்கட்டிலிருந்து ஒரு குரல். காப்பாட்சியர். கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை. "கவுத்திடு. மண்ணைப் பார்த்துக் கவுத்திடும்மா."

"அவர் முன்னாடி இருக்காரு மேடம்."

காப்பாட்சியர் கம்பியை விட்டு இரண்டு படி இறங்கினார்.

பெல்ட்டை அறுத்தால் போதும். சரிந்த கட்டையில் நிற்கிற கல் முகம்குப்புற மணலில் விழும். அவன்மேல். கத்தி மேசையில் இருந்தது. கத்தி அவள் கையில் இருந்தது. எப்போது எடுத்தாள்?

அவன் தலை அவள் பக்கம் திரும்பியிருந்தது. ஒரு கண்தான் தெரிந்தது. அந்தக் கண்ணுக்கு அவளைத் தெரிந்தது.

"போடு, ஒட்டு" என்றான்.

அவள் மாட்டாள். மாட்டவே மாட்டாள். வாய் மென்றது. அவன் கண் மூடவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தான். மென்றது.

அறுத்தாள்.

கல் விழுந்தது. தரை அதிர்ந்தது. விளக்குகள் ஆடின. மணல் புகையாக எழும்பி, மெதுவாக, எல்லாவற்றின் மேலும் படிந்தது.

அதன் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அழுகை நின்றிருந்தது. குழாயில் தண்ணீர்கூட ஓடவில்லை. மொட்டை முதுகு மேலே தெரிய அவள் கவிழ்ந்து கிடந்தாள், வந்த அன்று கிடந்த மாதிரியே. கல்லைச் சுற்றிலும் மணல் வெள்ளையாக இருந்தது. ஒரு சொட்டு சிவப்பு இல்லை. அதுதான் ஒட்டுக்காரியால் தாங்க முடியவில்லை. ஓர் ஆண்பிள்ளை, அவ்வளவு பெரிய உடம்பு. ஒரு சொட்டு இல்லை.

மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்து கல்லின் முதுகில் கையை வைத்தாள். வெதுவெதுப்பாக இருந்தது. மிக மெல்ல ஏறி இறங்கியது, வயிறு நிறைந்து தூங்குகிற உடம்பு மாதிரி. காப்பாட்சியர் பின்னால் வந்து அவள் தோளைப் பிடித்தார். "வா. வெளியே போயிடலாம். வாம்மா."

"ஒட்டு."

இரண்டு பேருக்கும் கேட்டது. கல்லுக்கு அடியிலிருந்து.

"ஒட்டு. மூச்சு முட்டுது. கொஞ்சம் தூக்கேன்."

தொண்டையில் லேசாகக் கரகரப்பு. காலையில் எழுந்ததும் தண்ணீர் கேட்கும்போது வருகிற குரல். அவள் எழுந்துவிட்டாள். சுவரில் சாத்தியிருந்த கடப்பாரையை எடுத்தாள்.

காப்பாட்சியர் குறுக்கே வந்தார். "அது அவர் இல்லை."

"அவர் குரல் எனக்குத் தெரியாதா?"

"தெரியும். அதனாலதான் அந்தக் குரல்ல கூப்பிடுது. தூக்காதே."

"உசுரோட இருக்காரு மேடம். நகருங்க."

"ரொம்ப கனமா இருக்கு, ஒட்டு" என்றது குரல். நிதானமாக, கெஞ்சாமல், வீட்டில் பேசுகிற மாதிரி. "சீக்கிரம்."

அவள் அவரைத் தள்ளிவிட்டாள். பெரியவர், சம்பளம் கொடுக்கிறவர்; மார்பில் கைவைத்துத் தள்ளினாள். அவர் கல்லின் அந்தப் பக்கம் போய் விழுந்தார். அவள் கடப்பாரையை ஓரத்தில் செருகி, கட்டையை முட்டுக்கொடுத்து, முழு உடம்பையும் அதன்மேல் சாய்த்தாள். அவ்வளவு பெரிய கல் அவள் ஒருத்திக்கு அசைந்து கொடுக்காது. அசைந்து கொடுத்தது. விரல் நுழைகிற இடைவெளி.

விரல்கள் வந்தன. இருட்டிலிருந்து, மணலைத் துழாவிக்கொண்டு, வெளியே. வலது கை. கட்டைவிரலில் எப்போதோ சங்கிலி நசுக்கிக் கறுத்துப்போன நகம். அவன் கை. முறியாமல், கிழியாமல், முழுசாக. அவள் கடப்பாரையை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டாள். சூடாக இருந்தது. அவள் விரல்களை அது தேடிப் பின்னிக்கொண்டது. அவள் அழுதாள். "இருக்கேன். இங்கேதான் இருக்கேன். விடமாட்டேன்" என்றாள்.

கடப்பாரையை விட்ட பிறகும் கல் கீழே இறங்கவில்லை.

"அம்மா" என்றார் காப்பாட்சியர், அந்தப் பக்கத்திலிருந்து. குரலே இல்லை, வெறும் காற்று. "இங்கே பாரு."

அவள் தலையைத் தூக்கினாள். அவர் காலடியில், கல்லின் எதிர் ஓரத்தில், மணல் சரிந்தது. விரல்கள் வந்தன. இடது ஓரத்திலும் சரிந்தது. வலது ஓரத்திலும். ஒவ்வொன்றும் மணலைத் துழாவி, கல்லின் விளிம்பைத் தேடி, பிடித்துக்கொண்டது. அவள் பிடித்திருந்த கையும் அவளை விடாமலே விளிம்பின் பக்கம் திரும்பியது.

நான்கும் வலது கை. நான்கிலும் அதே கறுத்த நகம். நான்கும் சேர்ந்து, ஒரே மூச்சில், கல்லை மேலே தூக்க ஆரம்பித்தன.